மொட்டைமாடியில் ஒரே ரவுட்டர் போதுமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, மொத்தம் பதினாறு வீடுகள். ஆளுக்கொரு இணைப்பு எதற்கு, பொதுவாக ஒரு வைஃபை போட்டுவிடலாம் என்று சங்கத்தில் பேசி முடித்திருக்கிறோம். மொட்டைமாடியில் பவர்ஃபுல் ரவுட்டர் ஒன்றை வைத்தால் பார்க்கிங் வரை எடுக்கும் என்கிறார் கடைக்காரர். 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாயிற்று. செய்யலாமா?

பதில்: வேண்டாம். நான்காம் மாடிக்காரர்கள் மட்டும் சங்கத்தைப் பாராட்டுவார்கள். முதல் மாடிக்கு வருவதற்குள் அலை நான்கு தளங்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். போதாக்குறைக்கு, நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும், நேர் கீழே குறைவு.

'பவர்ஃபுல்' என்ற சொல்லில்தான் வியாபாரமே இருக்கிறது. கோயில் ஒலிபெருக்கி பாடுவது தெருமுனை வரை கேட்கும், நாம் பதில் பேசினால் அதற்குக் கேட்குமா? ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், உங்கள் கைபேசி சின்ன ஆன்டெனாவை வைத்துக்கொண்டு திருப்பிப் பேசியாக வேண்டும். போனில் கோடு காட்டும், பக்கம் திறக்காது.

சரி, என்ன செய்வது? மாடிக்கு மாடி கம்பி இழுத்து, ஒவ்வொரு மாடியிலும் ஆக்சஸ் பாயின்ட், அதாவது கம்பியில் வரும் இணையத்தை அங்கேயே வைஃபையாகப் பரப்பும் சின்னப் பெட்டி, வையுங்கள். நடைவழியில் ஒன்று வைத்தால் வரவேற்பறை வரை வரும், கோடி படுக்கையறைக்கு உறுதியில்லை. அதனால் மாடிக்கு இரண்டு என்று கணக்குப் போடுங்கள். கம்பியில்லாமல் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் மலிவுதான். ஆனால் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அடுத்தடுத்த மாடிகளுக்கு இவற்றை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸும் உள்ள கருவியாகவே வாங்குங்கள்.

இணையத்தைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் ஸ்விட்ச். அதில் மின்சாரமும் அதே கேபிளில் போகும் பி.ஓ.இ. வகையை வாங்கினால், கரண்ட் போகும்போது ஸ்விட்சுக்கும் இணைப்புப் பெட்டிக்கும் ஒரு யு.பி.எஸ். போதும். ஸ்விட்சை ஸ்டில்ட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் தண்ணீர் எதுவரை வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள்.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் கேபிளில். கேட் 6 என்று தரத்தை அச்சிட்டிருக்கும், உள்ளே அலுமினியத்துக்குச் செம்பு முலாம். மின்சாரமும் சேர்ந்து போனால் அது சூடாகும், தூரத்துக் கருவி அணைந்து அணைந்து எரியும். ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, வேறெங்கு வாங்கினாலும் சரி, ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லி, உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுவிட்சிலிருந்து எந்தக் கருவிக்கும் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கட்டடத்தில் அந்தக் கவலை இல்லை.

அப்புறம், இணைப்பு யார் பெயரில்? செயலாளர் வீட்டுப் பிளானை வாங்கிப் பதினாறு வீட்டுக்குப் பிரிப்பதை நிறுவனங்களின் நிபந்தனைகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. சங்கத்தின் பெயரில் வணிக இணைப்பு வாங்குங்கள். வீட்டுக்கு வீடு தனிப் பாஸ்வேர்டு இருக்கட்டும். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்றுமுன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் நின்றது அந்த வீட்டு வாசலில்தான்.

என்னைக் கேட்டால், நன்றாக ஓடும் ஃபைபர் உள்ள வீடுகளை விட்டுவிட்டு, சிசிடிவி, காவலாளி அறை, பார்க்கிங் ஆகியவற்றுக்கு மட்டும் பொது வைஃபை போடுவேன். செலவு பாதிகூட ஆகாது.

முன்பணத்துக்கு வருவோம். 'ஒரே ரவுட்டரில் பதினாறு வீட்டிலும், கதவைச் சாத்திய படுக்கையறையிலும், இரவு 9 மணிக்கு இத்தனை எம்பிபிஎஸ் வரும், வராவிட்டால் பணம் வாபஸ்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். கடைக்காரர் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். ரசீது இருக்கிறதல்லவா?