கேஷும் காசும்: ஒரு ஆங்கிலச் சொல், பத்துக் கேள்விகள்

முப்பத்தோரு வருடம் பினாங்கில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மாதம் ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது வழக்கம். இந்த மாதச் சொல் ‘கேஷ்’. இதற்கு முன் எந்தச் சொல்லுக்கும் இவ்வளவு கேள்வி வந்ததில்லை. காசு விஷயம் என்றால் சும்மாவா?

பிறையிலிருந்து ஒருவர்: சார், ‘கேஷ்’ என்பது நம் ‘காசு’விலிருந்து போனது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு மூன்று தடவையாவது வந்துவிடுகிறது. உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதி எது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்பது ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள். எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறந்த வீடு வேறு. நம் ‘திங்கள்’ நிலவையும் குறிக்கிறது, கிழமையையும் குறிக்கிறது; ஆனால் அது ஒரே வேர். இது அப்படியில்லை. நம் ‘ஆறு’ மாதிரி: நதியும் ஆறு, எண்ணும் ஆறு, ஒன்றுக்கொன்று உறவில்லை.

முதல் கேஷ், நாம் தினமும் சொல்வது, ரொக்கம். லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’ ஆகி, பிரெஞ்சு வழியாக 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டாவது கேஷ், ஆசியாவில் புழங்கிய சல்லி நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். இதுதான் நம் காசு. போர்த்துகீசியர் வாய்வழியாக, இதுவும் அதே 1590களில் ஆங்கிலத்தில் ஏறியது. பின்னவர் இன்று அகராதிக்குள்ளும் நாணயம் சேர்ப்பவர்களின் ஆல்பத்திலும் மட்டும் இருக்கிறார்.

ஆக, வாட்ஸ்அப் செய்தி தம்பியின் பிறப்புச் சான்றிதழை அண்ணன் பெயரில் காட்டுகிறது. ரொக்கம் என்ற கேஷுக்கு நாம் உரிமை கோர முடியாது. நாணயம் என்ற கேஷை நம்மிடமிருந்து யாரும் பறிக்கவும் முடியாது. அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தால் இதை அனுப்புங்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு அம்மா: பெட்டி எப்படி ஐயா பணம் ஆகும்?

நீங்கள் கடை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் உங்களுக்கே தெரியும். கல்லா என்பது என்ன? மேசைக்குள் இருக்கும் பணப்பெட்டி. ஆனால் “இன்னைக்குக் கல்லா எப்படி?” என்று யாராவது கேட்டால் பெட்டியின் நீள அகலத்தையா சொல்வீர்கள்? அன்றைய வசூலைச் சொல்வீர்கள். படம் கல்லா கட்டியது என்கிறோம். பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்தின் மேல் ஏறிக்கொண்டது. ஆங்கிலத்திலும் அதேதான் நடந்தது. முதலில் கேஷ் என்றால் வியாபாரியின் பணப்பெட்டி, அதோடு பெட்டிக்குள் இருப்பதும். இரண்டு பொருளும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடின. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் உதிர்ந்து, பணம் மட்டும் நின்றது.

‘பட்ஜெட்’டும் இப்படித்தான். பிரெஞ்சில் அது ஒரு சின்னத் தோல் பை. கருவூலத்துக்குப் பொறுப்பான அமைச்சர் வரவு செலவுத் தாளைப் பையிலிருந்து வெளியே எடுப்பதை, பையைத் திறக்கிறார் என்று 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பேசத் தொடங்கினார்கள். பிறகு பையை மறந்துவிட்டு கணக்கையே பட்ஜெட் என்றார்கள்.

நம் உண்டியலையும் பாருங்கள். கோயிலில் அது பெட்டி. பினாங்கு ஸ்திரீட்டில் தொழில் செய்த செட்டியார்களுக்கு உண்டியல் என்றால் ஓர் ஊரில் கட்டிய பணத்தை இன்னோர் ஊரில் வாங்கித் தரும் கடிதம். பணமும் பெட்டியும் கடிதமும் ஒன்றின் பெயரை ஒன்று இரவல் வாங்கிக்கொண்டே இருக்கும். திருப்பிக் கொடுப்பதில்லை.

‘காப்சா’வுக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. மருந்துக் கடையில் வாங்கும் கேப்சூல் என்றால் குட்டிப் பெட்டி. கண்ணாடி வைக்கும் ‘கேஸ்’, காரின் ‘சேசிஸ்’, எல்லாம் அதே வீடு. ஆனால் கோர்ட்டில் போடும் ‘கேஸ்’ வேறு. அது ‘விழுதல்’, ‘நேர்தல்’ என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் சொல்.

ஆயர் ஈத்தாம், ஐந்தாம் படிவ மாணவி: சார், ‘காசு’ எப்படி ‘கேஷ்’ என்று மாறியது? ‘சு’ எங்கே போனது?

நல்ல கேள்வி. இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

தென்னிந்தியக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் அங்கே சில்லறையைக் ‘காசு’ என்று சொல்வதைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் ‘கைஷா’ என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. அதற்கு என்ன பொருள் தெரியுமா? பெட்டி! அதுவும் லத்தீன் காப்சாவின் பிள்ளை. புதிதாகக் காதில் விழுந்த காசு, பழக்கமான கைஷாவின் அச்சில் போய் உட்கார்ந்துவிட்டது. 1511இல் மலாக்காவைப் பிடித்த பிறகு, இந்தப் பக்கத்து ஈயச் சில்லறையையும் அப்படியே அழைத்தார்கள். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து வாங்கி ‘கேஷ்’ ஆக்கினார்கள். அவர்களிடமும் பணப்பெட்டிக் கேஷ் தயாராக இருந்தது. இப்படி இரண்டு தடவை நம் காசு அதே பெட்டிக்குள் போய் விழுந்திருக்கிறது.

தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாகக் கேட்பது மனிதர் காதின் பழக்கம். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரின் சொற்களைத் தொகுத்து 1886இல் வந்த அகராதிக்கு ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று பெயர். முஹர்ரம் ஊர்வலத்தில் “யா ஹசன், யா ஹுசைன்” என்று எழுந்த குரலை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் ஊர் ஆட்களின் பெயர்களாகக் கேட்டதன் விளைவு அது. (நம் பினாங்கின் போரியா என்ற பாட்டு நாடகத்தின் தொடக்கமும் முஹர்ரம்தான். அது வேறு மாதம் பேச வேண்டிய சொல்.) அந்த அகராதியும் கேஷ் நாணயத்துக்குத் தமிழ்க் காசுவைத்தான் காட்டுகிறது. கொங்கணி வடிவம் ஏதாவது இருந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒருவர்: நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனக் காசுகளை ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்கிறார்களே, அது எந்த கேஷ்?

நம் கேஷ்தான். சீனர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. அவர்களுக்கு அந்த நாணயத்துக்குச் சொந்தப் பெயர் உண்டு. கிழக்கே எந்த மலிவான நாணயத்தைப் பார்த்தாலும் ‘கேஷ்’ என்பது ஐரோப்பிய வியாபாரிகளின் வழக்கமாகிவிட்டது. ஓட்டை வழியாகக் கயிறு கோத்து ஆயிரம் காசை ஒரு சரமாகக் கட்டி எண்ணுவார்கள். சீன நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர், அதை வைத்தவன் ஐரோப்பியன். பினாங்கில் இருக்கிறவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர்: எங்கள் பாட்டியின் பெட்டியில் ஒரு பழைய செம்பு நாணயம் கிடைத்தது. ஒரு பக்கம் சிங்கங்கள், 1808 என்ற எண். மறுபக்கம் அரபு மாதிரி எழுத்து, கீழே ரோமன் எண்ணில் இருபது என்று போட்டு ‘கேஷ்’. இது என்ன?

கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கத்து சோஹோ தொழிற்சாலையில், நீராவி இயந்திரத்தில் அடித்த இருபது காசு. அது அரபு இல்லை, பாரசீகம். அன்றைய மதராஸ் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. ‘பணம்’ கூட ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயராக இருந்தது, பார்த்தீர்களா?

இந்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. 1980களில் அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் காசுகளை எடுத்தார்கள். அதனால் 1808ஆம் வருடத்துக் காசு ரொம்ப அரிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பாட்டி வைத்திருந்தது கடலில் மூழ்காமல் ஊர் வந்து சேர்ந்த காசு. புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நாணயம் சேர்ப்பவர்கள் தேய்த்ததைத் தொடமாட்டார்கள்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் 20ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று பொறித்த நாணயங்களை அடித்தது.

தண்ணீர்மலையிலிருந்து ஒருவர்: தமிழில் ‘காசு’ எவ்வளவு பழையது? சமஸ்கிருதம் என்றும் சொல்கிறார்களே?

சங்க காலத்திலேயே இருக்கிறது. குறுந்தொகையில் 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருப்பது, பொற்கொல்லன் நகநுனியில் பொற்காசைப் பிடித்துக்கொண்டு புது நூல் கோப்பது போல இருக்கிறது என்று தலைவி சொல்கிறாள். அந்தக் காசு கடையில் கொடுப்பதற்கு இல்லை, கழுத்தில் போடுவதற்கு. இன்றைய காசுமாலை அந்தப் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது.

பிறகு 7ஆம் நூற்றாண்டு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு படிக்காசு தந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு, சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி, அதாவது மாற்றுக் கழிவு, பிடித்திருக்கிறார்கள். வாசி இல்லாத காசு கொடு என்று அவர் ஒரு பதிகமே பாடினார். மணி சேஞ்சர் கடையில் கிழிந்த நோட்டை நீட்டிவிட்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

‘கர்ஷம்’ என்ற சமஸ்கிருத எடைப் பெயரோடு காசைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஹாப்சன்-ஜாப்சனும் அப்படித்தான் சேர்க்கிறது. தமிழ்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. ஆங்கிலத்துக்கு அது போன வாசல் தமிழ் என்பதே இன்றைய கேள்விக்குப் போதும்.

இலக்கணம் படித்தவர்களுக்கு மட்டும்: வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடியும். அந்தக் காசை வைத்து ஒரு தே தாரே டீகூட வாங்க முடியாது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை: நாம் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றும் சென் என்ற சில்லறையைக் ‘காசு’ என்றும் சொல்கிறோம். சென்னையிலிருந்து வந்த உறவினர் சிரிக்கிறார். இது தப்பா?

சிரிக்கட்டும். உங்கள் வாயில் இருப்பது சரித்திரம். இந்தத் தீவில் ரொம்ப காலம் ஓடியது ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலர்கள். பொருள் வெள்ளி, அதனால் பெயரும் வெள்ளி. மலாய்க்காரர்கள் அதன் ஓரத்திலிருந்த பல்லைப் பார்த்து ‘ரிங்கிட்’ என்றார்கள். ரிங்கிட் என்றால் பல் பல்லான விளிம்பு. 1975இல் அதுவே அதிகாரப்பூர்வப் பெயரானது. வெள்ளி நாணயம் போய், காகிதம் வந்து, ஓரம் மழமழவென்று ஆன பிறகும் நாம் உலோகத்தையும் அவர்கள் விளிம்பையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மலாயில் பணத்துக்குச் சொல்லும் ‘டுவிட்’ டச்சுக்காரர்களின் செப்புச் சல்லி. நம் வடக்குப் பக்கத்து மலாய்க்காரர்கள் ஐம்பது காசை இன்னும் ‘லீமா குப்பாங்’ என்பார்கள்.

பத்திரிகையில் ரிங்கிட், சென் என்றே எழுதுங்கள். வீட்டில் வெள்ளி, காசு. அந்த ஒரு காசு மட்டும் 2008 ஏப்ரலில் ரவுண்டிங் வந்ததோடு கையைவிட்டுப் போய்விட்டது.

கோலாலம்பூரிலிருந்து ஒருவர்: பழைய ராணுவக் கதைகளில் ஓர் அதிகாரியைக் ‘கேஷியர்’ செய்தார்கள் என்று வருகிறது. கல்லாவில் உட்கார வைத்தார்களா?

வேலையை விட்டுத் துரத்தினார்கள், அதுவும் அவமானப்படுத்தி. கல்லாவில் இருப்பவர் காப்சாவின் பேரன். துரத்தும் ‘கேஷியர்’, உடைப்பது, ரத்து செய்வது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. கல்லாவில் கை வைத்த கேஷியரைக் கேஷியர் செய்யலாம், இலக்கணப்படி தவறில்லை.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒருவர்: இப்போது எங்கும் ‘கேஷ்லெஸ்’. இதில் கேஷ் என்றால் என்ன?

‘கேஷ்லெஸ்’ என்றால் முன்பு கையில் காசில்லாதவன். இன்று மாமாக் கடையில் போனைக் காட்டிவிட்டுப் போகிறவன். சொல் ஏழையிடமிருந்து வசதிக்காரனிடம் போய்விட்டது.

கேஷ் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் மாறிவிட்டது. முன்பு எதிர்ச்சொல் கடன். “கார் கேஷுக்கு எடுத்தார்” என்றால் இன்றும் லோன் போடவில்லை என்றுதான் அர்த்தம். மொத்தத்தையும் வங்கிக் கணக்கிலிருந்து மாற்றியிருப்பார், ஒரு தாளைக்கூடக் கையால் தொட்டிருக்கமாட்டார். அதே மனிதர் நாசி கண்டார் கடையில் “கேஷா, கியூஆரா?” என்ற கேள்விக்கு “கேஷ்” என்றால் மட்டும் சட்டைப் பையில் கை விட வேண்டும். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு கேஷ்.

பெயர் போடாத ஒருவர்: கேஷ்யூ நட்டும் காசுதானே? விலை அப்படி இருக்கிறது.

இல்லை. பிரேசிலின் துப்பி மொழிச் சொல். போர்த்துகீசியர் அங்கே ‘கஜூ’ ஆக்கினார்கள், ஆங்கிலேயர் கேஷ்யூ ஆக்கினார்கள், மலாயில் காஜுஸ். நமக்கு முந்திரி. விலை பற்றிய உங்கள் ஆராய்ச்சியை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.