வெட்டி எடுத்த சுவர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பெயரை மறைத்துத் தெருச்சுவர்களில் வரையும் பிரிட்டிஷ் ஓவியர் பாங்க்ஸி, யாரையும் கேட்காமல் வரைந்துவிட்டுப் போன சுவரைக் கட்டட உரிமையாளர் பெயர்த்து விற்கலாமா?

பதில்: பிரிட்டனில் சுவர் யாருடையதோ அவரே விற்கலாம், வாடகைக்கு இருப்பவர் அல்ல. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் நகரில் வாடகைதாரர் பெயர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பிய சுவர், கட்டட உரிமையாளருக்கே சொந்தம் என்று 2015-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை தனி, அது ஓவியருடையது. சுவரை வாங்கியவர் அந்தப் படத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்க முடியாது.

பெயர்ப்பதுதான் பெரும்பாடு. 23 செ.மீ. செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். முதலில் வண்ணத்தின் மேல் மெல்லிய துணியை ஒட்டுவார்கள்; பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பசையே இதற்கு. மேற்சுவருக்கு முட்டுக் கொடுத்து, இரும்புச் சட்டம் பொருத்திய பிறகே அறுப்பு. அவசரப்பட்டால் அதிர்வில் பழைய காரை உதிரும். பூச்சு செங்கலை விட்டு விலகும். ஸ்பிரே பெயிண்ட் என்பது அந்தப் பூச்சின் மேல் படிந்த வெறும் படலம்தான், அதோடு சேர்ந்தே போய்விடும்.

இவ்வளவு செய்தும் அசல் என்ற சான்றிதழ் கிடைக்காது. பாங்க்ஸியின் 'பெஸ்ட் கன்ட்ரோல்' அலுவலகம் தெரு ஓவியங்களுக்குச் சான்று தருவதில்லை. தெருவில் வரைந்தது தெருவுக்குத்தான் என்ற அந்த நிலைப்பாடு நியாயமானது. வடக்கு லண்டன் வுட் கிரீனில் பெயர்த்த சுவர், மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2013 பிப்ரவரியில் மியாமி ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆனாலும் சில மாதங்களில் லண்டனிலேயே விலைபோனது. அது வருத்தம்தான்.

கேள்வி: பாங்க்ஸி ஏலத்திலேயே தன் படத்தைக் கிழித்தாரே, சந்தை அடங்கியதா?

பதில்: இல்லை. 2018 அக்டோபரில் சோத்பீஸ் ஏல நிறுவனத்தில் 10.4 லட்சம் பவுண்டுக்குப் போன படம், படச்சட்டகத்துக்குள் இருந்த கருவியால் பாதி கிழிந்தது. அதே படம் 2021-ல் 1.86 கோடி பவுண்டுக்கு விற்றது. 2016-ல் இத்தாலியின் பொலோனியாவில் தெரு ஓவியங்களைப் பெயர்த்துக் காட்சிக்கு வைக்கப்போவதை எதிர்த்து, ப்ளூ என்ற ஓவியர் அந்நகரில் இருந்த தன் சுவரோவியங்களைச் சாம்பல் நிறம் பூசி அழித்தார். விற்க எதுவும் மிஞ்சவில்லை. உறுதியான பதில் என்றால் எங்களுக்கு அதுதான்.

கேள்வி: அனுமதியோடு வரைந்ததை உரிமையாளர் வெள்ளையடித்துவிட்டால்?

பதில்: அமெரிக்காவில் ஓவியர்களின் படைப்பைக் காக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (VARA) கைகொடுக்கும். சுவரோவியங்கள் நிறைந்த நியூயார்க்கின் 5 பாயின்ட்ஸ் கட்டடத்தில் 2013-ல் உரிமையாளர் இரவோடிரவாக அழித்ததற்கு, 45 ஓவியங்களுக்குமாக 67.5 லட்சம் டாலர் தரும்படி 2018-ல் தீர்ப்பானது. பெயர்த்தெடுக்க முடிந்த ஓவியமானால் ஓவியருக்கு 90 நாள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும். அழிக்கக் கூடாது என்று கோர, ஓவியம் கலையுலகில் மதிப்புப் பெற்றது என நிரூபிக்க வேண்டும். தேதியிட்ட படங்கள், பத்திரிகைக் குறிப்புகள், கலை அறிந்தவர்களின் கடிதங்களை அன்றன்றே சேர்த்து வையுங்கள். ஒப்பந்தத்தில் 'உரிமையைக் கைவிடுகிறேன்' என்ற வரி இருந்தால் கையெழுத்திடும் முன் நீக்கச் சொல்லுங்கள்; அந்தக் கையெழுத்து விழுந்தபின் இந்தச் சட்டம் உதவாது.