நோகாத கால்தான் பார்க்கவேண்டிய கால்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. கோப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்கிறார். சலரோகம் வந்து 14 வருடம். குளிசையைத் தவறாமல் போடுவார், ஆனால் வீட்டிலும் தோட்டத்திலும் வெறுங்கால்தான். போன மாதம் பெருவிரலில் ஒரு புண். எப்படி வந்தது என்றே அவருக்குத் தெரியாது. “நோகவில்லை, விடு” என்றார். இப்போது ஆறிவிட்டது. இரவில் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலை ஊறவைக்கச் சொல்கிறார் அம்மா. அது சரியா? நல்லூர்த் திருவிழாவும் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: “எப்படி வந்தது என்றே தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தந்தது அதுதான். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடி நின்றால், கால் விரல்வரை போகும் நீண்ட நரம்புகள்தான் முதலில் பழுதாகும். முள் குத்தினால் நாம் சட்டென்று காலைத் தூக்குவோம். நரம்பு செத்த காலோ அந்த முள்ளோடேயே மாலைவரை நடக்கும். இனிமேல் அப்பாவின் காலுக்கு நோவு செய்த காவலைக் கண்தான் செய்யவேண்டும்.

இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ வேண்டாம். தொடுவது தெரிந்தவுடன் “வலது”, “இடது” என்று அவர் சொல்லவேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்துவிட்டது என்று வையுங்கள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவாக்கிய எளிய சோதனை இது. கிளினிக்கில் நாங்கள் இதையே 10 கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் செய்வோம்.

சுடுதண்ணீர் வேண்டாம். அம்மா அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் சூடு தெரியாத கால் வெந்துபோனாலும் அப்பாவுக்குத் தெரியாது. அப்படிக் கொப்புளத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊறவைத்தால் தோலும் காய்ந்து வெடிக்கும். தோட்டத்தால் வந்ததும் கிணற்றடியில் கால் கழுவுகிற நம் பழக்கமே போதும், சவர்க்காரம் மட்டும் சேருங்கள். பிறகு துவாயால் விரலிடுக்கை ஒவ்வொன்றாக ஒற்றித் துடையுங்கள். குதிக்காலுக்கு வாசலின் பூசலாம், விரலிடுக்கில் பூசவேண்டாம்.

கழுவிய பிறகுதான் பார்க்கவேண்டும். கோப்பாய்ச் செம்மண் குதிக்கால் வெடிப்புக்குள் ஏறி நின்றால், அது மண்ணா இரத்தமா என்று எனக்கே சில நேரம் பிடிபடாது. நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிக்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் தினமும் பாருங்கள். அப்பா தானாகப் பார்ப்பதென்றால் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டவேண்டாம். கால் ஆணியைப் பிளேட்டால் சீவுவதும், அதற்கென்று விற்கும் பிளாஸ்டர் ஒட்டுவதும் கூடவே கூடாது.

செருப்பு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். வீட்டுக்குள்ளும் வேண்டும். விரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு உதவாது, அது உரசும். கழன்று விழுந்தாலும் தெரியாமல் வெறுங்காலோடு கிளினிக் வாசல்வரை வந்த ஒருவரைக் கண்டிருக்கிறேன். குதிக்காலுக்குப் பின்னால் பட்டி உள்ள, முன்பக்கம் அகலமான செருப்பு நல்லது. உள்நீளம் காலைவிட 1 முதல் 2 சென்ரிமீற்றர் கூட இருக்கட்டும். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது போய் வாங்குங்கள். இறைக்கிற நாளில் வாய்க்காலுக்குள் நிற்பார், அதற்கு றப்பர் பூட்ஸும் பருத்தி மேஸும் போடட்டும். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவவேண்டும். பேரனின் விளையாட்டுக் கார்ச் சில்லு உள்ளே கிடக்க, ஒரு பகல் முழுக்கச் சப்பாத்தோடு நடந்தவரின் புண் ஆற மூன்று மாதம் எடுத்தது.

நல்லூருக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 25 நாளில் வெயில் ஏறாத காலையோ, நிலம் ஆறிய பின்னேரமோ பார்த்துப் போகட்டும். நடுப்பகலில் அந்த மணலும் தார் வீதியும் கொதிக்கும். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பாமல், கழற்றவேண்டிய இடம்வரை போட்டுப் போகச் சொல்லுங்கள். பிரதட்டை (கோயில் வீதியில் உருண்டு சுற்றுவது) போன்ற நேர்த்தி இருந்தால் முதலில் வைத்தியரிடம் காலைக் காட்டுங்கள். வீடு திரும்பியதும் காலைக் கழுவிப் பார்ப்பது அன்றைக்கு மிக முக்கியம்.

புண், கொப்புளம், சீழ், மணம், கறுத்த நிறம், ஒரு கால் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம். அன்றே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் இரவென்றும் பார்க்காதீர்கள். நோகாத வீக்கம்கூட உள்ளே எலும்பு நொறுங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

ஆறிய புண்ணையும் மறக்கவேண்டாம். ஒருமுறை புண் வந்து ஆறியவர்களில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. காலில் உணர்வும் இரத்த ஓட்டமும் குறையாத சலரோகக்காரருக்கு வருடத்தில் ஒரு பாதப் பரிசோதனை போதும், அப்பாவுக்கு 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். சனம் நிறைந்த அவசரத்தில் சீனி அளவை மட்டும் பார்த்துக் கொப்பியைத் தந்துவிட்டால் எழும்பாதீர்கள். அப்பாவின் செருப்பைக் கழற்றி, அந்தப் பெருவிரலைக் காட்டிவிட்டு வாருங்கள்.