மேனுவல்ல ஜோக் எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்க கோவில் காவடிக்கு பேர் பதியறதுக்காக என் மகன் ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓபன் சோர்ஸா (யார் வேணா எடுத்து யூஸ் பண்ணலாம், மாத்திக்கலாம்னு) விட்டிருக்கான், இப்ப வேற கோவில்காரங்களும் எடுத்து யூஸ் பண்றாங்க. அதோட ரீட்மீ ஃபைல் (முதல்ல படிக்க வேண்டிய குறிப்பு) பூரா ஜோக்கா எழுதி வச்சிருக்கான். "பேக்கப் எடுக்காம இந்த கமாண்டை அடிச்சா முருகனே வந்தாலும் காப்பாத்த முடியாது"ன்னு ஒரு வரி. கூட வேலை செய்யற பையன் எல்லா ஜோக்கையும் தூக்கச் சொல்றான், இவன் மாட்டேங்கறான். என்ன செய்யலாம்?
– ஒரு அம்மா, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அக்கா, ஜோக் இருக்கட்டும். ஆனா அந்த முருகன் வரி அந்த எடத்துல வேணாம்.

ஏன்னா அந்த வரி முக்கியமான விஷயத்தை சொல்லவே இல்ல. எது அழியும்? பழைய வருஷ லிஸ்ட்டா, இந்த வருஷம் பணம் கட்டினவங்க பேரா? படிக்கறவருக்கு தெரியாது. "இந்த கமாண்ட் இதுவரை பதிஞ்ச எல்லா பேரையும் அழிச்சிடும், முதல்ல காப்பி எடுங்க"ன்னு நேரா எழுதிட்டு, வேணும்னா முருகனை அதுக்கு அடுத்த வரில வச்சுக்கட்டும். டாக்குமெண்டேஷன், அதாவது இந்த மாதிரி விளக்கக் குறிப்பை தொறக்கறவங்க பெரும்பாலும் ஏதோ ஒண்ணு உடைஞ்சு போய்தான் தொறக்கறாங்க. இங்க தென்னாப்பிரிக்காவுல லோட்ஷெடிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்தறது) உச்சத்துல இருந்தப்ப நம்ம ஆளுங்க எப்படி படிச்சாங்கன்னு நெனச்சு பாருங்க, லேப்டாப்ல சார்ஜ் கொஞ்சம்தான், டேட்டாவும் தீரப் போகுது, அந்த நேரத்துல ஜோக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கற எச்சரிக்கையை தேடச் சொல்றது நியாயமே இல்ல.

நான் பாக்கறது ஒண்ணுதான்: ஜோக் புரியாதவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? பைத்தான் மொழிக்கு பேரே மாண்டி பைத்தான்ங்கற பிரிட்டிஷ் காமெடி குழுவோட டிவி ஷோவை வச்சுதான் வந்தது, டாக்குமெண்டேஷன்ல அவங்க காமெடியை இழுக்கலாம், இழுக்கறதை ஊக்குவிக்கறோம்னே அதோட டுடோரியல்ல எழுதியிருக்கு. உதாரணங்கள்ல அவங்க காமெடில வர்ற ஸ்பாம் (டப்பா இறைச்சி), எக்ஸ் (eggs, முட்டை)னு வேரியபிள் பேரு வரும். நம்ம டர்பன் ஃபீனிக்ஸ்ல ஒரு ஸ்கூல் பிள்ளைக்கு அந்த காமெடி எதுவும் தெரியாட்டி என்ன, அதுக்கு அது வெறும் பேரு, புரோகிராம் ஓடும். அதே மாதிரி 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ்ங்கற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துல டியூன்எஃப்எஸ்னு ஒரு கருவியோட மேனுவல்ல, ஃபைல் சிஸ்டத்தை டியூன் பண்ணலாம், மீனை டியூன் பண்ண முடியாதுன்னு ஒரு வரி உண்டு, டூனா மீனை வச்சு வார்த்தை விளையாட்டு. எங்க வச்சாங்க பாருங்க, கடைசில, குறைகளை எழுதற பகுதில. வேலைக்காக வந்தவர் அதுக்குள்ள வேலையை முடிச்சிட்டு போயிருப்பார்.

இப்ப நஷ்டம் வர்ற ஜோக்கை சொல்றேன். குனுங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர் திட்டத்தோட சி லைப்ரரி மேனுவல்ல, புரோகிராமை பாதியில நிறுத்தற அபார்ட் (abort)ங்கற ஃபங்க்ஷனுக்கு கீழ, இப்படி ஒரு ஃபங்க்ஷன் இருக்குன்னு சொல்றதையே அரசாங்கத் தணிக்கை விதி வந்து தடுக்கலாம்னு ஒரு "எச்சரிக்கை" இருந்துச்சு. கருக்கலைப்புக்கும் இங்கிலீஷ்ல அதே வார்த்தைதான், அதனால அமெரிக்காவுல கருக்கலைப்பு பத்தின தகவலை தடுக்கப் பாத்ததை குத்திக் காட்டற ஜோக் அது. 2018ல அதை ஒருத்தர் எடுத்து விட, குனுவை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன் எதிர்த்தார், பெரிய வாக்குவாதம் ஆகி திரும்ப வச்சாங்க. தணிக்கையை எதிர்க்கற அவர் எண்ணத்தை நான் மதிக்கறேன். ஆனா டர்பன்லயோ மதுரையிலயோ இருந்து படிக்கறவருக்கு அமெரிக்க அரசியல் எங்க தெரியும், இந்த ஃபங்க்ஷனுக்கு நெஜமாவே தடை வருதோன்னுதான் தோணும். எச்சரிக்கை மாதிரியே வேஷம் போட்ட ஜோக்கை ஒரு தடவை நம்பி ஏமாந்தவர் அடுத்த நெஜ எச்சரிக்கையையும் நம்ப மாட்டார், அதுதான் எனக்கு பயம்.

இன்னொண்ணும் உண்டு. லினக்ஸ்ல மேனுவல் படிக்கற மேன் கமாண்டுக்குள்ளயே ஒரு விளையாட்டை ஒளிச்சு வச்சிருந்தாங்க, ராத்திரி சரியா 00:30க்கு ஒரு குறிப்பிட்ட விதமா ஓட்டினா ஆப்பாங்கற ஸ்வீடன் பாட்டுக் குழுவோட பாட்டு வரி ஒண்ணு வந்து விழும். அந்த நேரத்துல தானா ஓடற டெஸ்ட் ஒண்ணு ஃபெயில் ஆக, 2017ல விஷயம் வெளிய வந்துச்சு, எழுதினவரே எடுத்துட்டார். வேலை நடக்கற பாதையில ஜோக் வந்தா அது யாரோ ஒருத்தர் தூக்கத்தைக் கெடுக்கும்.

அதனால தம்பிகிட்ட சொல்லுங்க, இன்ஸ்டால் பண்ற வழி, எரர் மெசேஜ், டேட்டா அழியற எடம், இந்த மூணுலயும் ஜோக் கூடாது. அறிமுகம், உதாரணப் பேரு, கடைசி நன்றி, அங்கல்லாம் தாராளமா எழுதட்டும். எல்லாத்தையும் தூக்கிட்டா அது யார் எழுதினதுன்னே தெரியாது, சம்பளம் வாங்காம ராத்திரி கண்ணு முழிச்சு எழுதற பிள்ளைங்க குரல் அதுல கேக்கணும்.

கேள்வி: புறா கால்ல இன்டர்நெட் கட்டி அனுப்பலாம்னு ஒரு அதிகாரபூர்வ டாக்குமெண்ட் இருக்காமே, நெஜமா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: நெஜம்தான். இன்டர்நெட் எப்படி வேலை செய்யணும்னு எழுதற டாக்குமெண்ட் வரிசைக்கு ஆர்எஃப்சின்னு பேரு, இது ஆர்எஃப்சி 1149, தேதி 1990 ஏப்ரல் 1. டேட்டாவை சின்ன காகிதச் சுருள்ல பிரிண்ட் எடுத்து புறா கால்ல சுத்தி டக்ட் டேப் ஒட்டணும்னு, மத்த ஆர்எஃப்சி என்ன நடையோ அதே நடையில எழுதியிருக்காங்க. நல்ல ஜோக்குக்கு இதையே நான் உதாரணமா காட்டுவேன், தனி டாக்குமெண்டா நிக்குது, மேல தேதி இருக்கு, யாரும் வேலைக்கு நடுவுல தடுக்கி விழ மாட்டாங்க. 2001ல நார்வேல பெர்கன் லினக்ஸ் குழு செஞ்சே பாத்துட்டாங்க, 9 பாக்கெட் (டேட்டா துண்டு) அனுப்பி 4 பதில் வந்துச்சு. உங்க ஊர் பக்கத்துலயே நடந்தது தெரியுமா? 2009 செப்டம்பர்ல ஹோவிக்லேர்ந்து ஹில்கிரஸ்டுக்கு வின்ஸ்டன்னு ஒரு புறா 4 ஜிபி டேட்டா கார்டோட பறந்துச்சு. பறக்க 1 மணி 8 நிமிஷம், கார்டுலேர்ந்து காப்பி பண்ணி முடிக்க மொத்தம் 2 மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அதுக்குள்ள ஏடிஎஸ்எல் (டெலிபோன் வழி நெட்) லைன்ல 4 சதவீதம்தான் போயிருந்துச்சு. இது ஆர்எஃப்சி முறைப்படி இல்ல, ஆனா அப்ப இருந்த நம்ம நாட்டு நெட் வேகத்தை பத்தி இவ்வளவு தெளிவா வேற யாரும் சொல்லல.

கேள்வி: நான் படிக்கற சாஃப்ட்வேர் கைடுல ஜோக்கே இல்ல, ஆனா படிச்சா நான் முட்டாள்னு தோணுது. ஏன்?
– காலேஜ் மாணவி, லெனேசியா

பதில்: தங்கச்சி, "சும்மா இதை அடிங்க", "ரொம்ப ஈஸி", "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" இந்த மாதிரி இருக்கான்னு பாருங்க. எழுதினவர் தைரியம் சொல்றதா நெனச்சு எழுதியிருப்பார், ஆனா அந்த ஈஸியான ஸ்டெப்புல மாட்டிக்கிட்டவருக்கு அது அடி மாதிரி விழும். தப்பு உங்ககிட்ட இல்ல. அந்த வார்த்தைகளை மட்டும் நீக்கி ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்புங்க, எந்த ஸ்டெப்புல நின்னீங்கன்னும் எழுதுங்க. புதுசா கத்துக்கறவங்க கண்ணுக்குதான் அது படும், அஞ்சு வருஷம் பழகினவங்களுக்கு படாது.