மேசைத் தகட்டைச் சுற்றி வெல்டிங் வைக்காதீர்கள்

வாசகர் கேட்கிறார்: வீட்டு கார் ஷெட்டில், சுமார் 3 மீட்டருக்கு 6 மீட்டர் இடத்தில், ஒரு வெல்டிங் மேசை செய்ய நினைக்கிறேன். 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. 1.2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத்தில் 12 மி.மீ. தகடு வாங்கி, சதுரக் குழாய்ச் சட்டத்தின் மேல் வைத்து நான்கு பக்கமும் வெல்டிங் அடித்துவிடலாமா? கீழே இழுப்பறைகள் வைத்துச் சாமான்களை அடுக்குவதாகத் திட்டம். காரும் அங்கேதான் நிற்கும்.

மேசையின் நீள அகலம் சரி. 12 மி.மீ. தகடு வாங்கினால் தவறில்லை, ஆனால் அவ்வளவு தேவைப்படாது. நான்கு பக்கமும் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம்.

என் முதல் மேசையில் நான் செய்ததும் அதைத்தான். 6 மி.மீ. தகடு, கீழே கச்சிதமான சட்டம், விளிம்பு முழுக்க ஒரே ஓட்டமாக வெல்டிங். பார்க்க அழகாக இருந்தது. ஆறிய பிறகு நேர்விளிம்பு (மட்டம் பார்க்கும் நேரான பட்டை) ஒன்றைக் குறுக்கே வைத்தேன். அது நடுவில் முட்டிக்கொண்டு இரு பக்கமும் ஊசலாடியது. வெல்டிங் ஆறும்போது சுருங்கும். விளிம்பெல்லாம் சுருங்கினால், நடுவில் இருக்கும் இரும்புக்குப் போக இடமில்லை. மேலேயோ கீழேயோ புடைத்துக்கொள்ளும். அந்த மேசையில் செய்த ஜன்னல் சட்டம் ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டு வந்தது. மேசை கோணலானால் அதன் மேல் செய்வதும் கோணல்தான்.

தகட்டை போல்ட் போட்டுப் பிடியுங்கள். 10 மி.மீ. தகடாக இருந்தால் தலை உள்ளே அமிழும் எம்10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் ஆறு போதும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகிவிட்டுப் பிறகு முடுக்குங்கள். இடைவெளியோடு முடுக்கினால் போல்ட்டே தகட்டை வளைத்துவிடும். போல்ட் வேலை பிடிக்காதவர்கள் அடிப்பக்கத்திலிருந்து 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெல்டிங் தையல், 25 செ.மீ. தள்ளி எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று என்று, ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கலாம். ஆனால் போல்ட் போட்டதைப் பின்னாளில் கழற்றித் திருத்த முடியும்.

எடையையும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அளவில் 6 மி.மீ. தகடு சுமார் 34 கிலோ, 10 மி.மீ. 56 கிலோ, 12 மி.மீ. 68 கிலோ. நகர்த்த வேண்டிய மேசைக்கு 10 மி.மீ. என்பது என் தேர்வு. 6 மி.மீ. வாங்கினாலும் கெட்டுப்போகாது, சட்டத்தில் குறுக்குக் கம்பிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தகடு சட்டத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 8 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். வேலையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் வாய் கடிக்க அந்த விளிம்பு வேண்டும்.

சட்டத்துக்கு 50 x 50 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய் தாராளம். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம். அதன் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் போல நடுக்கிவிடும். எல்லா மூட்டிலும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை டேப் வைத்துப் பார்த்தால் சதுரம் தெரியும், முறுக்கு தெரியாது. அதற்கு நூல் வேண்டும். எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டால் சட்டம் மட்டம். இடைவெளி தெரிந்தால் முறுக்கு. தொடுகிறதே என்று ஏமாந்துவிடாமல், மேல் நூலைக் கீழாக மாற்றிக் கட்டியும் பாருங்கள். மேலே இருந்த நூல் கீழ் நூலை அழுத்திக்கொண்டிருந்திருக்கலாம். டேக் நிலையில் சுத்தியலால் ஓர் அடியில் சரியாவது, முழு வெல்டிங் வைத்தபின் நாள் முழுக்க மல்லுக்கட்டினாலும் சரியாகாது.

உயரம் ஆளைப் பொறுத்தது. வேலைக்குப் போடும் காலணியோடு நின்று முழங்கையை மடக்கித் தரையிலிருந்து அளந்து, அதில் 10 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு 85 முதல் 95 செ.மீ. வரும். காலடியில் எம்16 போல்ட்டும் நட்டும் வைத்தால் தரை ஏற்ற இறக்கமாக இருந்தாலும் ரசமட்டம் பார்த்துத் திருகிக்கொள்ளலாம். நான்கு சக்கரம் வேண்டாம், வேலையின்போது மேசை அசையும். ஒரு முனையில் மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் இரண்டு சக்கரம், மறு முனையில் தூக்கும் பிடி: கைவண்டி மாதிரி தூக்கித் தள்ளலாம்.

மேற்பரப்புக்கு பெயின்ட் அடிக்காதீர்கள். மேசையே மின்பாதை. எர்த் கிளாம்ப் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையில் அதற்கும் பூமிக்கும் சம்பந்தமில்லை. வெல்டிங் ராடு வழியாக வந்த மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பிப் போகும் வழி அது. தகட்டின் அடியில் தடித்த போல்ட் ஒன்றை வெல்டிங் வைத்து, கிளாம்பை நிரந்தரமாக அதில் மாட்டுங்கள். சட்டத்தின் காலில் மாட்டினால் துருப்பிடித்த மூட்டுகளையெல்லாம் மின்சாரம் தாண்டிவர வேண்டியிருக்கும், ராடு முனையில் எரியும் ஆர்க் (மின்சுடர்) தடுமாறும். திரும்பும் வழி சரியில்லாதபோது மேசை மேல் டிரில் மெஷின் கிடந்தால், அதன் எர்த் ஒயர் வழியாகவே மின்னோட்டம் பாய்ந்து ஒயரைக் கருக்கிவிடக்கூடும். பிளக் போட்ட கருவி எதுவும் வெல்டிங் நேரத்தில் மேசையில் இருக்கக் கூடாது. ராடு ஹோல்டருக்கும் மேசையோடு மின்தொடர்பு இல்லாத ஒரு கொக்கி வேண்டும். அசதியில் தகட்டின் மேல் வைத்தால் அங்கேயே ஆர்க் பற்றிக்கொள்ளும்.

இழுப்பறைத் திட்டத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கடியில் போய் விழாத பொறியே கிடையாது. மூடிய இரும்பு இழுப்பறையில் கட்டிங் வீல், மூலைமட்டம், சாக்பீஸ் வைக்கலாம். எண்ணெய்த் துணி, ஸ்ப்ரே டப்பா, தின்னர் வேறு சுவருக்குப் போகட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் நடக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், ஆர்க்கின் ஒளியும் வெப்பமும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். கிளாம்புகளுக்குப் பக்கவாட்டில் ஒரு கம்பி, சுத்திக்கும் பிரஷுக்கும் இரண்டு கொக்கி, அவ்வளவுதான். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸை மேசையோடு வெல்டிங் வைத்துவிட்டால் நீளமான வேலைக்கெல்லாம் அது குறுக்கே நிற்கும். தகட்டுக்கடியில் ஒரு சதுரக் குழாயைப் பொருத்தி, அதற்குள் நுழையும் தண்டில் வைஸை ஏற்றினால் வேண்டும்போது செருகலாம், மற்ற நேரம் உருவி வைக்கலாம்.

கிரைண்டர் வேலையை மெஷினுக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத்தூளை மெஷினின் மின்விசிறி உள்ளே இழுத்தால் சர்க்யூட் போர்டு போய்விடும்.

கார் விஷயத்தில் சமரசம் இல்லை: வேலை தொடங்கும்முன் வெளியே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தவழும். பொறிகளும் அங்கேதான் ஓடும். கிரைண்டர் பொறி காரின் கண்ணாடியில் ஒட்டினால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், துடைத்தாலும் போகாது. பொறி 11 மீட்டர்வரைகூடப் பறக்கும் என்று வைத்துத்தான் தீ பாதுகாப்பு விதிகளை எழுதியிருக்கிறார்கள், உங்கள் ஷெட்டோ 6 மீட்டர். ஆகவே மேசையைக் கதவருகே தள்ளிப் போடுங்கள். புகைக்கும் அதுதான் நல்லது. வெல்டிங் புகையை 2017-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. மின்விசிறி புகையை உங்கள் முகத்தைக் கடக்கவிடாமல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். தலைக்கு மேல் வைத்தால் புகை மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் போகும். தீயணைப்பானை மேசைக்குப் பின்னால் மாட்டாமல், தப்பி ஓடும் வழியில், வாசலருகே மாட்டுங்கள். முடித்தவுடன் பூட்டிவிட்டுப் போகாமல், அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஷெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருங்கள்.

தகடு வாங்கப் போகும்போது நேர்விளிம்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வெட்டும் சூட்டிலேயே வளைந்த தகடுகள் நிறைய உண்டு. கடைக்காரர் முகம் சுளித்தாலும், நீளத்தில், அகலத்தில், குறுக்கே மூலைக்கு மூலை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.