மிச்ச மின்சாரமும் பிட்காயினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(மின்சுமை பகிர்வு மையத்தில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மின்சாரம் தொடர்பான கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறார்.)

சென்ற இதழில் பூட்டானின் நீர்மின் நிலையங்களைப் பற்றி எழுதும்போது, அந்த நாட்டு அரசே பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தைக் கணினி இயந்திரங்கள் வைத்து எடுப்பதை ஒரே வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. எனவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: பிட்காயின் என்பது கணினிக்குள் இருக்கும் வெறும் எண். அதற்கு ஒரு நாட்டுக்குத் தேவையான மின்சாரம் செலவாகிறது. இதில் சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று எப்படிச் சொல்ல முடியும்? (ஒரு வாசகர், சேலம்)

உங்கள் கோபம் நியாயமானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிட்காயின் எடுக்க வருடத்துக்குச் சுமார் 13,800 கோடி யூனிட் செலவாகிறது. உலக மின்சாரத்தில் அது ஏறத்தாழ அரை சதவீதம். அதில் 52.4 சதவீதம் நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றிலிருந்தும், 38.2 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்தும், 8.9 சதவீதம் நிலக்கரியிலிருந்தும் வருவதாக அதே ஆய்வு சொல்கிறது. இவை பிட்காயின் எடுக்கும் நிறுவனங்கள் தாங்களே கொடுத்த விவரங்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேலை இப்படித்தான் நடக்கிறது. உலகம் முழுக்க இருக்கும் இயந்திரங்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தேடி ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கின்றன. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்கு அது கிடைக்கிறது. கண்டுபிடித்தவருக்குப் பரிசு, 2024 ஏப்ரலிலிருந்து, 3.125 பிட்காயின். எத்தனை இயந்திரம் ஓடினாலும் பரிசு அவ்வளவுதான். கூட்டம் கூடினால் புதிரின் கடினம் தானாக ஏறும். அதனால் மலிவான மின்சாரம் உள்ளவர் நுழையும்போது, விலை கூடிய மின்சாரத்தில் ஓட்டுபவருக்குக் கட்டுப்படியாகாமல் போகிறது. பிட்காயின் விலை ஏறினால் மட்டும் இரண்டு பேருமே ஓட்டுவார்கள். வாங்க ஆள் இல்லாமல் வீணாகும் மிச்ச மின்சாரம் நிலக்கரியை விரட்டிவிடும் என்று சொல்பவர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் நன்மை எங்கே இருக்கிறது? சுமை பகிர்வு மையத்தில் உட்கார்ந்த எனக்கு அந்த இயந்திரத்தின் மூன்று குணங்கள் கண்ணில் படுகின்றன. இணைய வசதி இருந்தால் எந்தக் காட்டிலும் அதை வைக்கலாம். அது தரும் பொருளை ஏற்றிப்போக ரயிலும் வேண்டாம், லாரியும் வேண்டாம். எந்த நொடியிலும் நிறுத்தலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. அலுமினிய ஆலையில் சில மணி நேரம் மின்சாரம் நின்றால் தொட்டிக்குள் உலோகம் இறுகி ஆலையே பாழாகும். நெசவாலையில் நூல் அறுந்து நிற்கும். இந்த மூன்று குணமும் சேர்ந்த இன்னொரு பெரிய லோடை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை.

கேள்வி: முப்பந்தல் பக்கம் எங்களுக்குக் காற்றாலைகள் இருக்கின்றன. நல்ல சீசனில் பேக் டவுன் (உற்பத்தியைக் குறைப்பது) செய்யச் சொல்கிறார்கள். வீணாகும் அந்த மின்சாரத்தில் பிட்காயின் எடுத்தால் என்ன? (ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி)

ஐயா, அந்தத் தொலைபேசியை எடுத்து உங்களைப் போன்றவர்களிடம் "குறையுங்கள்" என்று சொன்ன இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஆடி மாதம், நள்ளிரவு தாண்டிய நேரம். ஊர் தூங்குகிறது, காற்று கொட்டுகிறது. அனல் நிலையங்களை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. இறக்கினால் காலையில் மறுபடி ஏற்ற முடியாது. உற்பத்தி தேவையை மிஞ்சி, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறும்போது யாரையாவது குறைக்கச் சொல்லித்தான் ஆகவேண்டும். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அதிலும் பேக் டவுன் விழுவது சில மணி நேரங்கள்தான். அந்த நேரத்துக்கு மட்டும் ஓட்டினால் இயந்திரம் வருடத்தின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். அது சும்மா கிடந்தாலும் பழையதாகிக்கொண்டேதான் இருக்கும். புதிய மாதிரிகள் குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்து அதை மூன்று நான்கு வருடத்தில் ஓரங்கட்டிவிடும். பரிசும் ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. புது இயந்திரம் வாங்கி மிச்சத்தில் மட்டும் ஓட்டினால் போட்ட முதல் திரும்பாது. ஆகவே முதலைத் திருப்ப வேண்டும் என்பதற்காகவே மற்ற நேரத்திலும் சாதாரண மின்சாரம் வாங்கி ஓட்டுவார்கள். "மிச்சத்தில் எடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால், வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று கேளுங்கள். எட்டாயிரத்துக்குப் பக்கத்தில், அதாவது கிட்டத்தட்ட வருடம் முழுக்க என்று பதில் வந்தால் அது மிச்சம் இல்லை.

வரியும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களில் வரும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. இயந்திரங்களுக்கும் கட்டமைப்புக்கும் செய்த செலவைக் கழிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. உங்கள் காற்றுக்கு வேறு வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கரையும் நம் புகளூரையும் இணைக்கும் நேர்மின் பாதை 6,000 மெகாவாட் திறன் உள்ளது, இரண்டு பக்கமும் அனுப்பலாம். நீலகிரியின் குந்தாவில், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது மின்சாரம் எடுக்கும் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் வருகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவற்றுக்காகத்தான் சங்கத்தில் குரல் கொடுப்பேன்.

கேள்வி: பூட்டான் அரசு பிட்காயின் எடுத்துப் பணக்காரனாகிவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகி, கோவை)

அம்மா, பூட்டானை நான் ரொம்பக் கவனமாகப் பார்த்து வருகிறேன். அங்கே உண்மையான நன்மையும் இருக்கிறது, உண்மையான கேள்வியும் இருக்கிறது.

சுக்கா 336 மெகாவாட், தாலா 1,020, மாங்டெச்சு 720. இவை எல்லாம் பெரிய நீர்த்தேக்கம் இல்லாமல் ஆற்றின் ஓட்டத்தை நம்பி நிற்கும் நிலையங்கள். பருவமழையில் ஆறு பெருகும்போது நாட்டின் தேவைக்கு மேல் பல மடங்கு உற்பத்தி. குளிர்காலத்தில் நீர் சுருங்கி இந்தியாவிலிருந்து வாங்கும் நிலை. மழைக்கால மிச்சத்தை நாம்தான் வாங்குகிறோம். 2019-இல் மாங்டெச்சு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 4 ரூபாய் 12 பைசா என்று பேசி முடித்தார்கள். சுக்கா, தாலாவுக்கு அதைவிடக் குறைவு.

அரசின் முதலீட்டு நிறுவனமான துருக் ஹோல்டிங் அண்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் சில வருடம் சத்தமில்லாமல் பிட்காயின் எடுத்துவந்தது. 2023-இல்தான் வெளியே தெரிந்தது. அதே வருடம் பிட்டீர் என்ற நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கெது என்ற இடத்தில் 100 மெகாவாட் அளவில் அமைத்தார்கள். 2024 கடைசியில் அரசின் கையில் 12,000-க்கும் அதிகமான பிட்காயின் இருந்தது. எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு அது மிகப் பெரிய சொத்து. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், 2023-இல் அரசு ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்தினார்கள். பிட்காயின் விற்ற பணம் அதற்குக் கைகொடுத்தது.

இன்னொரு லாபத்தைப் பத்திரிகைகள் பேசுவதில்லை. நமக்கு மின்சாரம் விற்றால் பூட்டானுக்குக் கிடைப்பது இந்திய ரூபாய். பிட்காயின் விற்றால் டாலர். டாலருக்கு எப்போதும் தவிக்கும் சிறிய நாட்டுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. ஆனால் அந்த இயந்திரங்களை வாங்க முதலில் டாலர்தான் வெளியே போனது. அந்நியச் செலாவணி கையிருப்பு சரிந்து, 2022 ஆகஸ்டில் வாகன இறக்குமதியையே தடை செய்தார்கள். பிட்காயின் இயந்திர இறக்குமதி அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையைப் பெருக்கியதை உலக வங்கியும் சுட்டிக்காட்டியது.

இனி சுற்றுச்சூழலுக்கு வருவோம். இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பூட்டான் நமக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் இங்கே எரியும் நிலக்கரியில் கொஞ்சத்தைக் குறைக்கிறது. கம்பி வழியே இந்தியாவுக்கு வந்திருக்கக்கூடிய மின்சாரத்தை இயந்திரத்துக்குத் திருப்பினால், இங்கே அதற்கு ஈடாக அனல் நிலையம் ஓடும். அதை மிச்சம் என்று நான் ஏற்க மாட்டேன். கம்பி நிரம்பி, அணையின் வழியே தண்ணீர் சும்மா வழிந்து போகும் மணி நேரங்கள் மட்டும்தான் மிச்சம். குளிர்காலத்தில் ஓட்டினாலோ நம் நிலக்கரி மின்சாரத்தை இறக்குமதி செய்து ஓட்டியதாகிவிடும்.

பூட்டான் தன் ஆற்றைத் தன் விருப்பப்படி பயன்படுத்த உரிமை உள்ள நாடு. விற்பதைவிட அதிகம் கிடைத்தால் எடுக்கட்டும். ஆனால் வருமானத்துக்காகச் செய்வதை வருமானம் என்றே சொல்லட்டும், பசுமை என்ற பெயர் எல்லா யூனிட்டுக்கும் பொருந்தாது. ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் நீர்த்தேக்கங்கள் வற்றியதும், தேசிய மின் நிறுவனம் பிட்காயின் காரர்களுக்குத் தரும் மின்சாரத்தைக் குறைத்தது, புதிதாகக் கேட்டவர்களுக்கு இல்லை என்றது. தண்ணீர் குறைந்தால் யார் முதலில் நிற்பது என்பது அங்கே முன்பே முடிவாகியிருந்தது.

கேள்வி: அமெரிக்காவில் மின்சாரம் பயன்படுத்தாமல் இருப்பதற்கே பிட்காயின் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தார்களாம். இது என்ன நியாயம்? (ஒரு வாசகர், திருச்சி)

டெக்சாஸில் ராக்டேல் என்ற ஊர். பழைய அலுமினிய ஆலை இருந்த இடத்தில் ரயட் என்ற நிறுவனத்தின் பிட்காயின் கூடங்கள் நிற்கின்றன. 2023 ஆகஸ்டில் கடும் வெயில், எல்லா வீட்டிலும் ஏசி. அந்த மாதம் ரயட் தன் இயந்திரங்களைப் பெருமளவு நிறுத்தியது. எடுத்தது 333 பிட்காயின். நிறுத்தியதற்குக் கிடைத்த சலுகைத் தொகை 3 கோடியே 17 லட்சம் டாலர். பிட்காயினில் வந்ததைவிட இது பல மடங்கு.

அதில் பெரும்பகுதி, முன்பே குறைந்த விலைக்கு ஒப்பந்தம் செய்திருந்த மின்சாரத்தை உச்ச விலையில் திருப்பிக் கொடுத்ததால் வந்தது. மீதி, கேட்டவுடன் நிறுத்தத் தயாராக இருந்ததற்கான கட்டணம். மின்வாரியப் பார்வையில் இந்தச் சேவைக்கு மதிப்பு இருக்கிறது. எங்கள் காலத்தில் பற்றாக்குறை வந்தால் கிராம ஃபீடரை, அதாவது கிராமங்களுக்குப் போகும் மின்பாதையை, நிறுத்துவோம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருட்டில் உட்காருவார்கள். அதற்குப் பதிலாக நிறுத்த ஒரு பெரிய இயந்திரக் கூடம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மேற்கு டெக்சாஸில் காற்று அதிகமான இரவுகளில் மின்சார விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. காற்று அங்கே, வீடுகள் டல்லாஸிலும் ஹூஸ்டனிலும். அந்த நேரத்தில் அங்கேயே வாங்க ஒருவர் இருப்பது காற்றாலைக்கு வருமானம்.

ஆனால் நிறுத்தியதற்கான விலை 3 கோடி டாலர் என்றால், கடைசியில் அதைச் சுமப்பது மின்கட்டணம் கட்டும் மக்கள். 2025-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது: 75 மெகாவாட்டும் அதற்கு மேலும் புதிதாக இணைப்புக் கேட்பவர்கள், நெருக்கடி வந்தால் துண்டிக்கப்பட ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். இதைத்தான் முதல் நாளிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: இதனால் பக்கத்தில் வாழும் சாதாரண மக்களுக்கு ஏதாவது கிடைத்திருக்கிறதா? (ஒரு வாசகி, மதுரை)

கிடைத்திருக்கிறது. காங்கோவின் கிழக்கே விருங்கா தேசியப் பூங்கா. 1925-இல் தொடங்கியது, மலைக் கொரில்லாக்களின் வீடு. சுற்றியுள்ள மக்கள் அடுப்புக்கரிக்காகக் காட்டை வெட்டுவார்கள். அந்தக் கரி வியாபாரத்தில் ஆயுதக் குழுக்களும் பணம் பார்க்கின்றன. மின்சாரம் வந்தால் வெட்டுவது குறையும் என்று பூங்காவே சிறு நீர்மின் நிலையங்கள் கட்டியது. லுவிரோ நிலையம் தயாரானபோது ஊர்களுக்குக் கம்பி இழுத்து முடியவில்லை. எபோலா, கடத்தல், கொரோனா என்று சுற்றுலா வருமானமும் நின்றிருந்தது. 2020-இல் அங்கே கன்டெய்னர்களில் இயந்திரங்களை வைத்து, வாங்க ஆள் இல்லாத மின்சாரத்தில் பிட்காயின் எடுத்தார்கள். வனக்காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்க அது உதவியது. நான் மனமார ஆதரிக்கும் ஏற்பாடு இதுதான்: கம்பி ஊருக்கு வரும்வரை இயந்திரம், வந்தபின் ஊருக்கு மின்சாரம்.

நார்வேயின் வடக்கே ஹாட்செல் என்ற பகுதியில் நடந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது. அங்கிருந்த பிட்காயின் கூடத்தின் மின்விசிறிகள் போட்ட ஓயாத இரைச்சலால் மக்கள் அவதிப்பட்டார்கள். 2024-இல் அந்தக் கூடம் மூடப்பட்டது. பெரிய வாடிக்கையாளர் போனதால் வீடுகளின் கட்டணம் சுமார் 20 சதவீதம் உயரும் என்று விநியோக நிறுவனம் அறிவித்தது. கம்பிக்கும் மின்மாற்றிக்கும் ஆகும் நிரந்தரச் செலவில் பெரும் பங்கை அந்தக் கூடம்தான் கட்டிக்கொண்டிருந்தது. தூக்கத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவில் அந்த மக்களை நிறுத்தியது கொடுமை. ஊரை விட்டு விலகிக் கட்டியிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்கும்.

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். மிச்சமாகும் யூனிட்டில் ஓட்ட ஒரு இயந்திரம் வாங்கலாம் என்கிறான் என் மகன். வாங்கலாமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

வேண்டாம். அப்படி ஒரு இயந்திரம் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், ஒரு நாளைக்கு எழுபது யூனிட்டுக்கு மேல் கேட்கும். உங்கள் மாடி நல்ல வெயிலில் தருவது பன்னிரண்டு யூனிட் சுற்றி. மீதியை வாரியத்திடம் முழு விலைக்கு வாங்குவீர்கள். அது போடும் சத்தத்தில் வீட்டில் பேசிக்கொள்ள முடியாது, சூட்டைத் தணிக்க இன்னொரு ஏசி கேட்கும். நெட் மீட்டர் சரியாக ஓடுகிறதா, கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட் பில்லில் கழிந்திருக்கிறதா என்று அடுத்த பில் வந்ததும் மகனையே உட்கார வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.