கிராமத்துப் பக்கம் தட்டான்களைப் படம் எடுக்க, சின்னதை நெருக்கத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் அவசியமா? கிட்டப் போனாலே பறந்துவிடுகிறதே, என்ன செய்வது?

லென்ஸ் விஷயம் அப்புறம். முதலில் துரத்துவதை விடுங்கள். குச்சி நுனியில் உட்காரும் ஆண் தட்டான்கள் பெரும்பாலும் தண்ணீர் ஓரமாக ஓர் இடத்தைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கும். எழுந்து போய்ப் பூச்சி பிடிக்கும், எல்லைக்குள் வந்த இன்னோர் ஆணை விரட்டும், திரும்ப அதே குச்சிக்கு வரும். அது போயிருக்கிற நேரத்தில் நீங்கள் இரண்டடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆடாமல் இருந்தால் வந்து உட்காரும். அடுத்த முறை எழும்போது இன்னும் கொஞ்சம். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக் கூடாது, விழுந்தால் போச்சு.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரைகளில்தான் எடுக்கிறேன். மதகை ஒட்டி மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் காய்ந்த நுனிகளைப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் ரூடி மார்ஷ் ஸ்கிம்மர் ஆண். ரோஜா நிறத்தில், சிறகு நரம்புகூடச் சிவந்திருந்தால் கிரிம்சன் மார்ஷ் கிளைடர். பச்சையும் கறுப்புமாக இடுப்பு ஒடுங்கியிருப்பது கிரீன் மார்ஷ் ஹாக், மற்ற தட்டான்களையே பிடித்துத் தின்னும். மதகின் சிமென்ட் சுவரையும் விடாதீர்கள். கிரானைட் கோஸ்ட் என்ற தட்டான் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சுவரின் நிறமே அதற்கும் என்பதால் கண் பழக நாளாகும்.

உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்கத்தான் இப்படி நிற்கிறது. அந்த நிலையில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு!

நிதானமாக எடுக்க விடியற்காலைதான் நல்லது. சிறகெல்லாம் பனி கோத்திருக்கும், உடம்பு சூடேறும்வரை பறக்க முடியாது. கைபேசியே போதும். மற்ற நேரத்துக்கு 70-300 ஜூம் லென்ஸ் எனக்குத் தாராளமாகப் போதுகிறது. மேக்ரோ இருந்தால் நல்லது, இல்லையென்று காத்திருக்க வேண்டாம். கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், லென்ஸ் துவாரத்தை எஃப் 8-இல் வையுங்கள், உடம்பு முழுவதும் தெளிவாக வர கேமராவை அதற்கு இணையாகப் பிடியுங்கள். வரப்பில் குனிந்து எடுத்தால் பின்னால் நாற்றுப் பச்சை மட்டும் கலங்கித் தெரியும்.

ஐப்பசி வாக்கில் வயலுக்கு மேலே கூட்டமாகச் சுற்றுகிற மஞ்சள் தட்டான்கள் வேறு ரகம். பகலில் அனேகமாக உட்காராது. கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் கடந்து போகிறது என்று உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். அந்தச் சின்ன உடம்பு கடலைத் தாண்டுவதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஒரு வேண்டுகோள்: படத்துக்காகக் கையால் பிடிக்காதீர்கள். சிறகு கண்ணாடிபோல் மின்ன, தள்ளாடிப் பறக்கிற தட்டானைப் பார்த்தால் அது இப்போதுதான் தோலுரித்து வந்தது என்று அர்த்தம். பக்கத்துக் கோரைத் தண்டில் தேடினால் அதன் வெற்றுக்கூடு இருக்கும். சிறகு இறுகாத அந்த நேரத்தில் விரல் பட்டாலே மடங்கிவிடும், அப்புறம் அது பறக்காது. தள்ளி நின்றே எடுங்கள்.